ஞானஸ்நானத்துக்கு அப்புறம் 50 வருடம்: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானத்துக்கு முன்னால் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. ஆயத்த வகுப்பு நடக்கும், விசுவாசப்பிரமாணமும் பத்துக் கட்டளையும் மனப்பாடம் செய்வோம், ஆயர் கேள்வி கேட்பார், சபையார் வந்து கைகொடுப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆரவாரம் அடங்கிவிடும். 25 வயதில் விசுவாசத்துக்கு வந்தவர் 75 வரை இருந்தால், இன்னும் 50 வருடம் முன்னால் கிடக்கிறது. கல்யாணம், கடன், பிள்ளைகள், வெளிநாட்டு வேலை, வியாதி, சாவு எல்லாம் அந்த 50 வருடத்துக்குள்தான் வரும். அதற்கு வகுப்பு நடத்துவோர் குறைவு.

எங்கள் சபையில் ஆயத்த வகுப்புக்கு உதவியாக இருக்கிறவன் நான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பழக்கத்தில் வளர்ந்ததால் என் பேச்சு அந்தப் பக்கத்து வார்த்தைகளோடுதான் வரும். கத்தோலிக்க நண்பர்களும் பெந்தெகொஸ்தே நண்பர்களும் தங்கள் வழக்கத்துக்கு ஏற்ப வாசித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கிறிஸ்துவிடம் வந்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, இடையில் விலகி, இப்போது திரும்பி வந்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “இனி எனக்குக் கிறிஸ்து வேண்டாம்” என்று ஒரு நாள் தீர்மானித்து விலகியவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிறு கல்யாண வீடு. அடுத்த ஞாயிறு அலுப்பு. அதற்கடுத்த ஞாயிறு, “ரெண்டு வாரம் வராம இப்பப் போனா என்ன நினைப்பாங்க” என்கிற கூச்சம். மூன்று மாதத்தில் ஆளையே காணோம். இயேசு சொன்ன விதைப்பவன் உவமையில் முளைத்த பிறகு கெட்டுப்போகும் விதைகள் இரண்டு வகை. ஒன்று உபத்திரவ வெயிலில் காய்கிறது. மற்றது உலகக் கவலை, பணம், ஆசை என்ற முள்ளுக்குள் சத்தமில்லாமல் நெருக்குண்டு போகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் அதிகம் கண்டது இந்த இரண்டாவது வகைதான்.

நிலைத்து நின்றவர்களைப் பார்த்தால், அவர்களுக்கு மற்றவர்களைவிட உணர்ச்சி அதிகம் என்று சொல்ல முடியாது. முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே சில ஏற்பாடுகளைச் செய்துவைத்திருந்தார்கள். மனம் வறண்ட நாளில் அந்த ஏற்பாடுகள் அவர்களைத் தாங்கின. கீழே சொல்வதெல்லாம் அந்த ஏற்பாடுகளைப் பற்றித்தான். தெம்பாக இருக்கும்போதே செய்துவையுங்கள்.

முதல் படி: ஒரே சபை

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் போனாலே தெரியும். சி.எஸ்.ஐ., ரோமன் கத்தோலிக்கம், சீரோ மலபார், மலங்கரை, லுத்தரன், இரட்சணிய சேனை, பல வகைப் பெந்தெகொஸ்தே சபைகள் என்று வழி நெடுக ஆலயங்கள். புதிதாக வந்தவருக்கு இது கொடை மாதிரித் தெரியும். காலையில் ஒரு சபை, மாலையில் இன்னொரு கூட்டம், வெள்ளிக்கிழமை வேறொரு இடத்தில் உபவாச ஜெபம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நாலு இடத்தில் முகம் தெரியும், ஒரு இடத்திலும் பெயர் தெரியாது. நாலு வாரம் காணாவிட்டால், “அங்கே போயிருப்பார்” என்று ஒவ்வொரு சபையும் நினைத்துக்கொள்ளும்.

அதனால் இரண்டு மூன்று சபைகளை ஒரு மாதம், இரண்டு மாதம் போய்ப் பாருங்கள். அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். என்ன பார்த்துத் தேர்ந்தெடுப்பது? வீட்டுக்குப் பக்கமா, மழையிலும் போய்ச்சேர முடியுமா என்று பாருங்கள். இந்த மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்பதால் இது சின்ன விஷயமல்ல. வேதத்தைத் திறந்து விளக்குகிறார்களா, போதகரிடம் சபையார் கேள்வி கேட்க முடிகிறதா என்று பாருங்கள். பணம் கொடுத்தால்தான் ஆசீர்வாதம் என்று சொல்லும் இடத்தையும், மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்லும் இடத்தையும் விட்டு விலகுங்கள். அந்த இரண்டு போதனையாலும் உடைந்துபோனவர்களைத் திரும்ப ஆலய வாசலுக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

தேர்ந்தெடுத்ததும் ஆயரைப் போய்ப் பார்த்து, பதிவேட்டில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் மட்டும் உட்கார்ந்து எழுந்து வந்தால் போதாது. கத்தோலிக்க ஊர்களில் அன்பியம் இருக்கிறது, இருபது முப்பது வீடுகள் சேர்ந்து கூடும். எங்கள் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம், பெண்கள் சங்கம், பாடகர் குழு. ஏதாவது ஒன்றில் சேருங்கள். ஒரு சின்ன வேலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆலயம் பெருக்குவது, பாய் விரிப்பது, மைக் எடுத்துவைப்பது, எது வேண்டுமானாலும் சரி. சாவி கையில் இருக்கும் ஆள் வராவிட்டால் கால்மணி நேரத்தில் தேடி ஆள் வரும்.

சபை என்றால் ஆயர் என்று நினைத்துவிட வேண்டாம். நம் மயிலாடிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராசன் என்பவர் தஞ்சாவூர்ப் பக்கம் போன இடத்தில் கிறிஸ்துவை அறிந்து, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். மிஷனரி ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தது 1806இல். அதுவரை வேதமாணிக்கம் அறிந்துகொண்டதைத் தன் வீட்டாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிக்கொண்டு காத்திருந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. 1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றிப் புறப்பட்டுவிட்டார். அடுத்த மிஷனரி சார்லஸ் மீட் வந்தது 1818இல். இடையில் சபையைப் பார்த்துக்கொண்டது வேதமாணிக்கமும் ஊர் மக்களும்தான். ஒரே ஆயர் பல சபைகளைப் பார்க்கவேண்டிய நிலை இன்றும் உண்டு. “ஆயர் வரல, அதனால நானும் போகல” என்று சொல்லத் தோன்றும் வாரத்தில் மயிலாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: உண்மையைச் சொல்ல ஒரு ஆள்

சபையில் 200 பேர் இருந்தாலும், உங்கள் உள்நிலையை மறைக்காமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆண் என்றால் ஓர் ஆண், பெண் என்றால் ஒரு பெண், உங்களைவிடப் பத்து இருபது வயது மூத்தவராக இருப்பது நல்லது. பெரிய பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. கஷ்டத்தில் நின்று காட்டியவரா, கேட்டதை வெளியே சொல்லாதவரா என்று மட்டும் பாருங்கள். “அண்ணே, மாதத்துக்கு ஒரு தடவை உங்ககிட்ட வந்து பேசலாமா?” என்று நேராகக் கேளுங்கள். இப்படிக் கேட்டு மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

பேச்சு எப்படி இருக்கும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்:

“அண்ணே, ரெண்டு வாரமா ஜெபிக்கவே தோணல.”

“தூக்கம் ஒழுங்கா இருக்கா மக்களே?”

“கடையில கணக்கு முடிக்கிற நேரம். ராத்திரி ஒரு மணி ஆகுது.”

“அப்ப முதல்ல தூங்கு. காலையில எழும்பினதும் கர்த்தருடைய ஜெபம் மட்டும் சொல்லு. ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வா, சேர்ந்து ஜெபிப்போம்.”

அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒருவரை அமர்த்திக்கொள்ளாமல் முதல் வருடத்தைக் கடக்காதீர்கள் என்பேன். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது படி: நேரம், இடம், வாசிப்பு

அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முடிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் வெளுப்பாங்காலத்திலேயே ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவருக்கு அது நடக்காது. நடுராத்திரி கடலுக்குப் போய்க் காலையில் கரைக்கு வருகிறவருக்கும் நடக்காது. முந்திரி ஆலைக்குப் போகும் முன் சோறு வடித்து, பிள்ளைகளைக் கிளப்பும் அம்மாவுக்கும் நடக்காது. நடக்காத ஒன்றைத் தீர்மானித்து, பத்தாம் நாள் தோற்று, குற்ற உணர்வில் எல்லாவற்றையும் விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கம். உங்கள் வேலையின் ஒழுங்கைப் பார்த்து 15 நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். பால் வெட்டுகிறவர் வெட்டி முடித்து, சிரட்டையில் பால் வடிந்து நிறையக் காத்திருக்கும் நேரத்தில் ஜெபிக்கலாம். கடைக்காரர் ஷட்டரைத் திறக்கும் முன் ஜெபிக்கலாம். நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரம், அதே இடம்.

அந்த 15 நிமிடத்தில் கர்த்தருடைய ஜெபம், ஒரு சங்கீதம் அல்லது அதில் பாதி, அன்றைய வாசிப்பு, பெயர் பெயராக நாலைந்து பேருக்கு வேண்டுதல். சொந்த வார்த்தை வராவிட்டால் ஜெபப்புத்தகத்தில் உள்ளதை வாசியுங்கள். எழுதிவைத்த ஜெபம் தாழ்ந்தது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வார்த்தை வற்றிப்போன நாட்களில் முன்னோர் எழுதிவைத்த ஜெபம்தான் பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

வாசிப்புக்கு வருவோம். ஆதியாகமத்தில் தொடங்கி வேகமாக ஓடி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் பலர். வேதாகமத்துக்குப் புதியவர் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், தினமும் ஒன்று என்றால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அடுத்து யோவான், 21 அதிகாரம். அப்புறம் பிலிப்பியருக்கு எழுதின நிருபம், நாலே அதிகாரம், சிறையிலிருந்து எழுதியது. அதற்குப் பிறகு புதிய ஏற்பாடு முழுவதும். மொத்தம் 260 அதிகாரம். வாரத்துக்கு 5 என்று வைத்தால் 52 வாரத்தில் சரியாக முடியும். திங்கள் முதல் வெள்ளி வரை வாசியுங்கள், விட்டுப்போனதைச் சனிக்கிழமை பிடியுங்கள், ஞாயிறு சபையோடு சேர்ந்து கேளுங்கள். பழைய ஏற்பாட்டை இரண்டாவது வருடத்திலிருந்து யாருடைய உதவியோடாவது வாசிக்கலாம். சங்கீதங்களை மட்டும் எந்த வருடமும் விடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் வெட்கப்படாமல் எளிய மொழிபெயர்ப்பை வாசியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் கைப்பேசியில் ஒலி வேதாகமத்தைக் கேட்கலாம்.

நான்காவது படி: வீடும் ஊரும் காகிதமும்

குடும்பத்தில் நீங்கள் மட்டும் கிறிஸ்தவர் என்றால், உங்கள் விசுவாசத்தை முதலில் அளந்து பார்ப்பது உங்கள் அம்மாவும் அப்பாவும்தான். நீங்கள் பேசும் பிரசங்கத்தை அவர்கள் அளப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா, தங்கச்சி கல்யாணத்துக்கு உங்கள் பங்கைக் கொடுத்தீர்களா, பழைய கோபம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் கும்பிடும் தெய்வத்தைக் கேலி செய்யாதீர்கள். சாமி படத்தை எடுத்து எறிய உங்களுக்கு உரிமை கிடையாது, அது அவர்கள் வீடு. பூஜையில் கலந்துகொள்ள முடியாது என்றால் பணிவாக, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் முகத்தில் அடித்த மாதிரி எழுந்து போகாதீர்கள். ஊருக்குள் பேசும்போதும் இதே நிதானம் வேண்டும். 1982இல் மண்டைக்காட்டில் நடந்த கலவரத்தை இந்த மாவட்டத்துப் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டாரோடு சமாதானமாக வாழ்வதும் நிலைத்திருப்பதில் சேர்ந்ததுதான்.

காகித விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசவேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு என்று வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறார்கள். இது அநியாயம் என்பது என் எண்ணம், அதற்காகப் போராடுகிறவர்களோடு நிற்கிறேன். ஆனாலும் ஞானஸ்நானம் எடுக்கும் முன்பே இதன் விளைவு என்ன என்று ஆயரிடமும், விவரம் தெரிந்த வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் இறங்கி, அப்புறம் ஆலயத்தில் ஒரு பெயர், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு பெயர் என்று இரண்டு வாழ்க்கை வாழ்கிறவர்களின் மனம் சீக்கிரம் களைத்துப்போகிறது. அவசரப்படுத்துகிற யாருக்காகவும் அவசரப்படாதீர்கள். அதற்காகச் சில மாதம் காத்திருப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

ஐந்தாவது படி: விசுவாசத்தின் விலையை முன்பே தெரிந்துகொள்வது

ஞானஸ்நானம் எடுத்தால் கடன் தீரும், பிள்ளை பிறக்கும், வீசா கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தால், அதை இப்போதே இறக்கி வையுங்கள். கடவுள் கடன் தீர்க்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. தீராத நாளிலும் அவர் கடவுள்தான்.

இதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் அவருக்கு நண்பர். சொத்து நஷ்டத்தில் நீலகண்டன் மனம் உடைந்திருந்தபோது டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. எல்லாவற்றையும் இழந்த ஒரு நீதிமானின் கதையைக் கேட்டு ஒருவர் கிறிஸ்துவிடம் வந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு ஞானஸ்நானம். 1749இல் கைது. ஏறக்குறைய மூன்று வருடம் சிறை, அடி, அவமானம். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. 2022 மே 15இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். நான் சி.எஸ்.ஐ.க்காரன்தான், ஆனாலும் புதிதாக வருகிறவர்களை ஒரு தடவையாவது காற்றாடிமலைக்குப் போய்வரச் சொல்கிறேன்.

அங்கே போனால் அவருடைய கடைசி நாளை மட்டும் யோசிக்காதீர்கள். ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் இடையில் நாலு வருடம் இருக்கிறது. அரண்மனை வேலை, வீடு, மனைவி, சாதாரண நாட்கள். அந்த நாலு வருடத்தில் அவருக்குள் வேர்விட்டதுதான் அடுத்த மூன்று வருடச் சிறையில் அவரைத் தாங்கியது என்று நான் நம்புகிறேன்.

ஆறாவது படி: வறண்ட காலமும் துக்க காலமும்

ஒரு நாள் வரும். பாட்டு பாடினால் உள்ளே ஒன்றும் அசையாது. ஜெபம் கூரைக்கு மேல் போகாத மாதிரி இருக்கும். “என் விசுவாசம் செத்துப்போச்சா?” என்று பயம் வரும். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் தோட்டத்துக்குள் நடந்திருக்கிறீர்களா? இலை எல்லாம் கொட்டி, மரம் பட்டுப்போன மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் பால் வெட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள், மரத்தை யாரும் முறித்துப் போடமாட்டார்கள். மனதின் வறட்சியையும் அப்படிப் பாருங்கள். இந்தக் காலத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். சபை மாறுவது, ஊழியத்தை விடுவது, “எனக்கு இது சரிப்படாது” என்று அறிவிப்பது எதுவும் வேண்டாம். குறித்த நேரத்தில் உட்காருங்கள், ஞாயிறு போய் இருங்கள், திருவிருந்தில் கை நீட்டுங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள்.

கூடவே உடம்பையும் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, “போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்” என்றபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அடை தந்தான், தண்ணீர் தந்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து சாப்பிடுவது விசுவாசத்துக்கு எதிரி கிடையாது. குடியை விட முடியாமல் தவிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஜெபமும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும்.

துக்கம் வேறு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் உள்ளே வந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை, அடக்கம் பண்ண உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. ஏன் என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம் என்றும் சொல்வேன். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் “எல்லாம் நன்மைக்கே” என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள், பதினாறு நாள் கழிந்து கூட்டம் கலைந்த பிறகும் போங்கள்.

சங்கீதங்களை விடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு கடைசி வரி கூடக் கிடையாது. அது வேதாகமத்துக்குள் இருக்கிறது. கடவுளிடம் கோபப்படுவதும் கேள்வி கேட்பதும் அவரை விட்டுப் போவதாகாது, அவரிடம் பேசிக்கொண்டிருப்பதுதான். நல்ல காலத்திலேயே இந்தச் சங்கீதங்களோடு பழகிக்கொண்டால், கெட்ட காலத்தில் உங்களுக்குப் பதில் அவை பேசும்.

ஏழாவது படி: ஊர் மாறும்போது

நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். விலகிப்போவது அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். கிளம்பும் முன்பே போகும் ஊரில் எந்தச் சபை, எந்தக் கிழமை ஆராதனை என்று விசாரித்து வையுங்கள். துபாய் பக்கம் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை. குவைத்தில் வெள்ளி, சனி, எனவே அங்கே பல சபைகள் வெள்ளிக்கிழமை கூடுகின்றன. ஊர்ச் சபையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். போய் இறங்கிய முதல் விடுமுறை நாளிலேயே போய்விடுங்கள். “செட்டில் ஆனதும் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் வராது. ஊரிலுள்ள உங்கள் மூத்தவரை மாதம் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். ஷிஃப்ட் வேலையில் ஆராதனைக்கு விடுப்பே கிடைக்காதவர்கள், அறையில் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு அதிகாரம் வாசித்து ஜெபித்தால்கூடப் போதும். ஆலய ஆராதனையைக் கைப்பேசியில் பார்ப்பது ஒன்றுமில்லாததற்கு மேல்தான், ஆனால் அதில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

எட்டாவது படி: சபைக்குள்ளேயே காயம் பட்டால்

படும். இதைப் புதியவர்களிடம் யாரும் சொல்வதில்லை, அதனால் பட்டதும் நொறுங்கிப்போகிறார்கள். சபை நிர்வாகத் தேர்தல் வரும்போது சபை இரண்டாகும். சாதி பார்த்துப் பெண் கொடுப்பார்கள், பதவி கொடுப்பார்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் நிலத்துக்கும் வழக்கு நடக்கும். நீங்கள் எதை விட்டு வந்தீர்களோ அதையே இங்கேயும் பார்ப்பீர்கள். வேதனையாகத்தான் இருக்கும்.

என் ஆலோசனை: முதல் மூன்று வருடம் எந்தக் கட்சியிலும் சேராதீர்கள். புதியவர்களை இரு பக்கமும் இழுப்பார்கள், “எனக்கு விவரம் தெரியாது” என்று சொல்லிவிடுங்கள். தனிப்பட்ட முறையில் ஒருவர் காயப்படுத்தினால், மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் சொன்னபடி முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள். தீராவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப்போங்கள். ஆனால் பிள்ளைகளிடமோ பெண்களிடமோ யாராவது தகாத முறையில் நடந்தால், இந்த முறையெல்லாம் பார்க்கக் கூடாது. நேராகக் காவல் நிலையம்தான். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைப்பது பாவம். சபை மாறித்தான் ஆகவேண்டும் என்ற நிலையும் சில நேரம் வரும். அப்போது ஆயரிடம் சொல்லிவிட்டு, போகும் இடத்தை உறுதி செய்துகொண்டு மாறுங்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு “நான் தனியா ஜெபிச்சுக்கிறேன்” என்பவர்கள் இரண்டு வருடம் கழித்தும் ஜெபித்துக்கொண்டிருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்பதாவது படி: விழுந்தால்

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்த வசனங்களில் வருகின்றன. தேமா இவ்வுலகத்தின்மேல் ஆசைவைத்து என்னை விட்டுப் போய்விட்டான் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இந்த மாற்கு முதல் பயணத்தில் பம்பிலியாவில் பவுலை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர். அவரால் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் வாக்குவாதம் வந்து இருவரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கைவிடாமல் கூடவே கூட்டிப்போனார். விட்டு ஓடியவரைத்தான் பவுல் கடைசியில் தேடுகிறார்.

ஆகவே விழுந்தால், எவ்வளவு நாள் விலகியிருந்தாலும், திரும்பி வரும் வழி சாதாரணமானது. முதலில் உங்கள் மூத்தவரிடம் சொல்லுங்கள். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள், நாங்கள் ஆயரிடம் தனியாகப் பேசுவோம். யாருக்காவது நஷ்டம் செய்திருந்தால் சரிக்கட்டுங்கள். அடுத்த ஞாயிறு, கடைசி வரிசையிலாவது போய் உட்காருங்கள். யாராவது “என்ன, ரொம்ப நாளா காணோம்?” என்று கேட்டால், “வந்துட்டேன்” என்று சொன்னால் போதும். பேதுரு விழுவதற்கு முன்பே இயேசு அவரிடம் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்.” நிலைத்து நிற்பது முழுக்க நம் பிடியின் பலம் என்றிருந்தால் நம்மில் ஒருவரும் தேறமாட்டோம்.

வருடத்துக்கு ஒரு முறை உங்களையே சோதித்துப் பாருங்கள். தவக்காலத்தின் 40 நாள் அதற்கு ஏற்ற காலம், எங்களுக்குப் புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனையும் உண்டு. யாரை மன்னிக்கவில்லை, எந்தப் பழக்கம் திரும்ப வருகிறது, யாருக்குக் கொடுத்தேன் என்று மூன்று கேள்வி போதும்.

கடைசிப் படி: வயதான காலம்

இதை 25 வயதுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார், ஆனாலும் சொல்கிறேன். கண் மங்கும், வாசிக்க முடியாது. முழங்கால் வலிக்கும், படி ஏற முடியாது. மறதி வரும். அந்தக் காலத்துக்கு இப்போதே சேர்த்துவையுங்கள். 23, 121, 130ஆம் சங்கீதங்கள், பத்துப் பதினைந்து பாமாலைப் பாட்டுகள், கர்த்தருடைய ஜெபம் இவற்றை மனப்பாடமாக்குங்கள். பேரப்பிள்ளை பெயர் மறந்த பாட்டி, பாட்டு தொடங்கியதும் நாலு சரணமும் சேர்ந்து பாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவரை, உங்கள் சபையில் இப்போது படுக்கையில் இருக்கிற முதியவர்களின் பட்டியலை ஆயரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். மாதத்துக்கு ஒரு வீடு எடுத்துக்கொண்டு, ஆயர் திருவிருந்து கொடுக்கப் போகும்போது கூடப் போங்கள். ஒரு சங்கீதத்தைச் சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். அப்புறம், “பாட்டி, எனக்காக ஜெபியுங்க” என்று கேட்டுவிட்டு வாருங்கள்.